கேட்டால் திரும்பும் வரி



பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு கல்லூரி இருந்தது. மூன்று ஊர்களின் வருவாய் அதற்கு அளிக்கப்பட்டதைப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு கூறுகிறது. அதே பாகூர்க் கொம்யூனிலிருந்து, என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கா சென்றார். ஓட்டல் தொழிலில் பயிற்சி. ஜே-1 எனப்படும் பரிமாற்ற விசா. பயணச் செலவுக்கு வீட்டு நெல்வயல் அடகு போயிற்று.

டிசம்பர் முடிய அவர் ஈட்டியது பத்தாயிரம் டாலர். வருமான வரி பிடித்தார்கள். அது போதாதென்று சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவம் என்ற பெயர்களில் நூற்றுக்கு 7.65 வீதம் 765 டாலரும் பிடித்தார்கள். மறு ஆண்டு மே மாதம், வில்லியனூரில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஐயா, ஏப்ரல் 15 கெடு கடந்துவிட்டதே! இனி வருமா?" என்று கலங்கினார்.

வரும். திரும்பப் பெறவேண்டிய பணமாயின், கேட்பதற்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஆனால் கேட்டால்தான் வரும்.

சமூகப் பாதுகாப்பு வரி என்பது முதுமைக்கால ஓய்வூதியத்துக்கான சந்தா. பொதுவாகப் பத்தாண்டு உழைத்தவர்க்கே அவ்வூதியம் கிட்டும். ஆறு மாதத்தில் ஊர் திரும்புபவரிடம் அதை வாங்குவது முறையன்று என்றே அந்நாட்டுச் சட்டம் இத்தகையோர்க்கு விலக்களித்திருக்கிறது. சம்பளக் கணக்கர்கள் பலர் இதை அறியார். முதலில் வேலை கொடுத்தவரிடமே கேட்கவேண்டும். அவர் மறுத்தால் 843ஆம் எண் படிவத்தில் வரித்துறைக்கு மனுச் செய்யலாம்.

வருமான வரியில் நமக்கொரு தனிச் சலுகை. இந்தியாவும் அமெரிக்காவும் 1989இல் செய்த வரி உடன்படிக்கையின் 21ஆம் விதி, நம் மாணவர்க்கும் தொழிற்பயிற்சியினர்க்கும் அந்நாட்டார் பெறும் நிலையான கழிவைத் தருகிறது. பிறநாட்டார் பெரும்பாலோர்க்கு இது இல்லை. 2024க்கு அக்கழிவு 14,600 டாலர். பத்தாயிரம் அதற்குள் அடங்கிவிடுவதால், பிடித்த மத்திய வரி முழுவதும் திரும்பவேண்டியதே. இதற்கு 1040-என்ஆர் என்னும் படிவம். மாநில வரிக்கு மனு வேறு.

நல்லவேளையாக அவர் ஊதியச் சான்றுக்குப் பாகூர் முகவரியைக் கொடுத்திருந்தார். அங்குள்ள வங்கிக் கணக்கையும் மூடவில்லை. முகவரி தராமல் புறப்பட்டவர்களின் சான்று ஆளில்லாத அறைக்குப் போய்ச் சேர்கிறது.

வருமான வரி வந்துவிட்டது. வயலின் அடகில் பாதி தீர்ந்தது. அந்த 765 டாலருக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவருடைய தாயார் என்னைக் காணும்போதெல்லாம், "கடுதாசி வந்ததா, ஐயா?" என்று கேட்கிறார்.