பன்னிரண்டு வார டாக்டர்



மருத்துவ அறம் என்றதும் உறுப்பு மாற்று, கருணைக்கொலை, வென்டிலேட்டரை எப்போது நிறுத்துவது என்றே பேசிப் பழகிவிட்டோம். அவை பெரிய ஆஸ்பத்திரியின் கேள்விகள். அங்கே குழு கூடும், கோப்பு நகரும், நள்ளிரவிலும் எழுப்பிக் கேட்க ஒரு மூத்தவர் இருப்பார். நான் பேச வந்தது ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. மேசையைப் பற்றி, அதற்குப் பின்னால் பயிற்சி மருத்துவராக உட்கார வைக்கப்படும் 23 வயதுப் பிள்ளையைப் பற்றி.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பிறகான ஓராண்டுப் பயிற்சியில் 12 வாரம் சமூக மருத்துவத்துக்கு உரியது; அதற்காகத்தான் அந்தப் பிள்ளை இங்கே வருகிறது. அந்தப் பிள்ளையிடம் இருப்பது தற்காலிகப் பதிவு மட்டும். மேற்பார்வை இல்லாமல் வைத்தியம் பார்க்க அதில் இடமில்லை. நிலையத்தின் மெடிக்கல் ஆபீசரோ மாவட்டத் தலைநகரில் ரிவ்யூ மீட்டிங்கில் இருப்பார், இல்லையென்றால் முகாமில் இருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் வரிசையில் நிற்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. ‘புது டாக்டரம்மா வந்திருக்காங்க’ என்பதோடு அறிமுகம் முடிந்துவிடுகிறது.

‘நான் பயிற்சி மருத்துவர்’ என்று சொன்னால் ஜனங்களின் நம்பிக்கை போய்விடும் என்று என் சகாக்கள் சிலர் வாதிடுவார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. சொன்ன இடங்களில் ‘அதுக்கென்ன, பாருங்க சாமி’ என்ற பதில்தான் பெரும்பாலும் வந்திருக்கிறது. நம்முடைய கூச்சத்தை மறைத்துக்கொண்டு, நோயாளியின் நலத்துக்காக என்று சொல்லிக்கொள்கிறோம்.

இந்தச் சம்மதத்தையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது நாம் வகுத்துக்கொண்ட கணக்கு. மலையிலிருந்து இறங்கி வந்த பெண்ணுக்கு இந்த நிலையத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. ‘சரிங்க’ என்று அவள் சொல்வதில் பாதி, வேறு வழியில்லை என்பதுதான். பயிற்சி மருத்துவர் நிலைமையும் அதுவே. அவருடைய வருகைப் பதிவிலும் நிறைவுச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடுபவர் மேலே இருக்கிறார். பிரசவம் முடிந்த கையோடு, ‘இது மூணாவது குழந்தை, காப்பர்-டி போட்டுவிட்டுடுங்க’ என்று யாரோ சொல்லும்போது, ‘இவங்ககிட்ட கேட்டாச்சா?’ என்று திருப்பிக் கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? குடும்பநலத் திட்டத்தில், இத்தனை பேருக்குக் கருத்தடை என்ற இலக்கு முறை 1996இல் கைவிடப்பட்டது. கூட்டங்களில் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு மட்டும் நின்றபாடில்லை. மறுக்க முடியாத இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். அதை அறம் குறித்த வகுப்பில் ‘தகவலறிந்த ஒப்புதல்’ என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம்.

இதைவிடக் கடினமான ஒன்றுக்கு வருகிறேன். கர்ப்பிணிப் பதிவுக்கு ஒரு பெண்ணை அழைத்து வருகிறார்கள். மாமியார் 19 வயது என்கிறார். ஆதார் அட்டையில் கணக்குப் போட்டால் 17. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, சிறார் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் யாராயிருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெரிவித்தால் என்ன ஆகும் என்பதும் அந்தப் பயிற்சி மருத்துவருக்குத் தெரியும்: கணவன் கைதாவான், குடும்பம் நிலையத்தின் மீது கோபம்கொள்ளும், அடுத்த பரிசோதனைக்கு அவள் வரமாட்டாள். ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் அதிகம் தாக்கக்கூடிய வயதில், கவனிப்பே இல்லாமல் அவள் பிரசவிக்கக்கூடும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு வாசலைத் திறந்தது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. நம் பெண்ணோ குழந்தையைப் பெற்றுக்கொள்ள வந்திருக்கிறாள். அந்த வாசல் அவளுக்கு இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரிவிக்கத்தான் வேண்டும், சிறுமியின் வயதை மாற்றி எழுதுவது கருணை ஆகாது, அதற்கடுத்த சிறுமிக்கும் அதே மாமியார் காத்திருக்கிறார். ஆனால் போலீஸ் வந்து நிற்பதற்கு முன், என்ன நடக்கப்போகிறது என்று அந்தப் பெண்ணிடம் தனியாக, மாமியார் இல்லாத அறையில், யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். பிறகும் அவள் பரிசோதனைக்கு வர ஒருவர் கூடவே நிற்க வேண்டும். இரண்டையும் செய்யக்கூடியவர் அந்த ஊரிலேயே இருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர். 12 வாரத்தில் கிளம்பிப் போகும் பிள்ளையால் ஆகாது. முடிவைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு நாம் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

வீடு வீடாகப் போகும் பயிற்சி பற்றியும் ஒன்று. வெள்ளைக் கோட்டோடு ஜீப்பில் போய் ஒரு வீட்டு வாசலில் இறங்கினாலே, அங்கே யாருக்கோ காசநோய் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். கோட்டைக் கழற்றிவிட்டு நடந்து போனால் போதும், செலவில்லாத அறம்! 2022 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பங்களைத் ‘தத்தெடுக்கிறார்கள்’. நல்ல எண்ணம்தான். வருமானம் எவ்வளவு, எத்தனை பேர் என்று, குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கணிக்கும் பி.ஜி. பிரசாத் அளவுகோலை வைத்துக் கேட்கிறோம்; கழிப்பறை உண்டா என்றும் கேட்கிறோம். ஒரு பாட்டி, நான் வாயைத் திறக்கும் முன்பே எல்லாப் பதிலையும் வரிசையாக ஒப்பித்தார். எத்தனை பேட்ச் கேட்டுப் போனதோ! கேட்டுப் போனவர்களில் ஒருவராவது அவருடைய சர்க்கரை அளவை எழுதிய சீட்டைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தாரா என்று கேட்டேன். சிரித்தார்.

இங்கே வந்திருக்கும் துறைத்தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பயிற்சி மருத்துவரின் லாக் புக்கை எடுத்துப் பாருங்கள். எத்தனை பிரசவம் பார்த்தார், எத்தனை தடுப்பூசி போட்டார் என்பதற்கெல்லாம் கட்டம் இருக்கிறது. ‘எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி மேலே அனுப்பினேன்’ என்பதற்கு ஒரு கட்டம் சேருங்கள். ‘கேட்காமல் செய்யச் சொன்னார்கள், செய்யவில்லை’ என்பதற்கும் ஒன்று. அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடுபவர் நிலையத்தின் மருத்துவராக இருக்கக் கூடாது. கல்லூரியிலிருந்து வாரம் ஒருமுறை நேரில் போகிற ஆசிரியராக இருக்கட்டும். போகிற ஆசிரியர் இருக்கிறாரா என்பதை, இந்தக் கூட்டம் முடிந்ததும் தேநீர் வேளையில் உங்களிடமே கேட்கிறேன்.