ஒரு டன் குச்சிக்கிழங்கில் எத்தனை லிட்டர்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் நம்ம பசங்க ரெண்டு பேர் ஒரு கேள்வி கேட்டாங்க. "பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்குறாங்க. கிழங்குக்கு சேகோ ஆலைக்காரர் சொல்றதுதான் விலைன்னு ஏன் இருக்கணும்? நாமே எத்தனால் எடுத்தா என்ன?" சிரிச்சிட்டுப் போற கேள்வி இல்லை இது. நான் சமவெளியில் ஒரு வடிப்பாலையில் கெமிஸ்டா இருந்தவன். அதனால என்னைப் பேசச் சொன்னாங்க.

ரொட்டி மாவை உப்ப வைக்கிற ஈஸ்ட்தான் இங்கேயும் வேலை செய்யுது. 180 கிராம் குளுக்கோஸைத் தின்னு 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரியமில வாயுவும் தரும். அதாவது சர்க்கரையில் பாதி காற்றாகப் போயிடும். எந்த மிஷின் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

கிழங்கில் இருக்கிறது மாவு. ஈஸ்டுக்கு மாவைத் தின்னத் தெரியாது. முதலில் நொதி போட்டுச் சர்க்கரையாக்கணும். 25 சதவீதம் மாவு உள்ள ஒரு டன் கிழங்கில் 180 லிட்டருக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. நல்லா நடக்கிற ஆலைக்கு 160 வந்தாலே பெரிசு.

அந்த 160 எங்கே நழுவும்னு சொல்றேன். ஒரு மே மாசம், தொட்டியைக் குளிர வைக்கிற தண்ணி பத்தலை. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பும். 30, 32 டிகிரியில் இருக்க வேண்டியது 38-க்குப் போயிடுச்சு. ஈஸ்ட் சோர்ந்து உட்கார, புளிப்புப் பாக்டீரியா உள்ளே புகுந்து சர்க்கரையைத் தின்னுட்டுது. காலையில் மூடியைத் திறந்தா மோர் வாசனை! எட்டு சதவீதம் வர வேண்டிய சாராயச் சத்து ஐந்தில் நின்னுபோச்சு. அன்னைக்கு மேனேஜர்கிட்ட நான் வாங்கின ஏச்சு வேற கதை. ஒரே நேரத்தில் சர்க்கரையைக் கொட்டினாலும் ஈஸ்ட் திணறும். கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும், நைட்ரஜனுக்கு யூரியா கொடுக்கணும், வேலை முடிஞ்ச ஈஸ்டை வடிச்சு அடுத்த தொட்டிக்குத் திருப்பணும். தேர்ச்சி எல்லாம் இவ்வளவுதான்.

அப்படிப் பார்த்தா நம்ம மலைக் குளிர் ஈஸ்டுக்கு நல்லதுதானேன்னு கேட்பீங்க. நல்லதுதான். ஆனா ஒரு லிட்டர் எடுத்தா பத்து லிட்டருக்குக் குறையாம கறுப்புக் கழிவுத் தண்ணி வரும். மலைமேல் விட்டா அது ஐயாற்றில் இறங்கி ஆகாய கங்கைக்குப் போகும். அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். உரிமம் இல்லாம ஒரு குடம் வடிச்சாலும் 1937-ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டம் பாயும். தம்பிகளா, வீட்டில் 'சோதனை' எல்லாம் வேண்டாம்.

ஆலை வர்றதா இருந்தா கீழேதான் வரணும். எழுபது கொண்டை ஊசி வளைவு இறக்கின லாரி வாடகையும் அந்த 160 லிட்டரில்தான் கழியும்.

ஆனா கணக்கில் ஒண்ணு நம்ம கையில் இருக்கு. சேகோவோ எத்தனாலோ, வாங்குறவருக்கு வேண்டியது கிழங்கு இல்லை, அதில் இருக்கிற மாவு. காற்றில் ஒரு தடவை, தண்ணியில் முக்கி ஒரு தடவை எடை போட்டா மாவு எத்தனை பாயின்ட்னு தெரிஞ்சிடும். அந்தத் தராசு இப்போ வாங்குறவர்கிட்ட மட்டும்தான் இருக்கு. சங்கத்துப் பணத்தில் ஒண்ணு வாங்கி செம்மேட்டில் வைக்கலாம்னு நான் முன்மொழியுறேன். அறுவடைக்கு முன்னால் முடிவு பண்ணுங்க. எடை போடச் சொல்லித்தர நான் வர்றேன்.