கத்துகிற டி.வி.யும் நம் மனசும்

(மும்பை தாராவியில், வாசிப்பு வட்டக் கூட்டத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்றைக்கு டி.வி. செய்தியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். டி.வி. பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சொன்னால்தான் யார் கேட்கப் போகிறீர்கள்? மழை வருமா, ரயில் ஓடுமா, ரேஷனில் என்ன போடுகிறார்கள்? இதெல்லாம் தெரிய வேண்டும். செய்தி நமக்கு வேண்டும்.

நான் சொல்வது வேறு. இரவு ஒன்பது மணிக்கு ஒன்று வருமே, அது. சின்னச் சின்னக் கட்டங்களில் எட்டுப் பேர் இருப்பார்கள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடும். டமடம என்று சத்தம் வேறு. அரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது, என்ன தெரிந்துகொண்டோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் இருக்காது. கோபம் மட்டும் இருக்கும். யார் மேலோ கோபம்.

2020-ஆம் வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு டி.வி.யில் தாராவிதான். நெரிசலையும் சாக்கடையையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் போன் போட்டு அழுதார்கள். சரி, இங்கே என்ன நடந்தது? டாக்டர்களும் மாநகராட்சி ஊழியர்களும் வீடு வீடாக வந்து காய்ச்சல் பார்த்தார்கள். பள்ளிக்கூடங்களில் ஆட்களைத் தனியாகத் தங்க வைத்தார்கள். பொதுக் கழிப்பறைகளை மருந்து தெளித்துக் கழுவினார்கள். சாவு நடந்தது. வேலை போய்ப் பசியும் இருந்தது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் சோறு பொங்கிப் பங்கு போட்டவர்களும் இருந்தார்கள். ஜூலை 10-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் பேசினார். நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்த இடங்களில் ஒன்று என்று தாராவியின் பெயரைச் சொன்னார்.

டி.வி. பாதியைத்தான் காட்டியது என்று நமக்குத் தெரியும். ஏன்? நாம் இங்கே இருக்கிறோம். பீகாரையும் காஷ்மீரையும் காட்டும்போது நாம் அங்கே இல்லையே! காட்டுகிற பாதியை முழுசு என்று நம்பிவிடுகிறோம்.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத் கூட்டம் கூடியது. அதில் பலருக்கு நோய் வந்தது. அது உண்மை. ஆனால் சில சேனல்கள் ராத்திரி பகலாக என்ன சொல்லின? முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறார்கள் என்ற மாதிரி சொல்லின. பல ஊர்களில் முஸ்லிம் வியாபாரியிடம் காய்கறி வாங்க மாட்டோம் என்றார்கள். பத்து வருடமாகத் தக்காளி வாங்கிய கை அது! ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை தீர்ப்புச் சொன்னது. வெளிநாட்டிலிருந்து வந்த 29 பேர் மேல் போட்ட வழக்குகளை ரத்து செய்தது. பத்திரிகைகளும் டி.வி.யும் பெரிய பிரசாரம் செய்தன என்று அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை எத்தனை சேனல்கள் ராத்திரி பகலாகக் காட்டின என்று கேட்டுப் பாருங்கள்.

ஏன் இப்படிக் கத்துகிறார்கள்? இதில் வியாபாரம் இருக்கிறது. சோப்பு விளம்பரம் பார்த்திருக்கிறீர்கள். எந்த சேனலை நிறையப் பேர் பார்க்கிறார்களோ, அதற்கு விளம்பரக் காசு அதிகம். அதை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்? 2020-ல் நம் நாட்டில் சுமார் 21 கோடி வீடுகளில் டி.வி. இருந்தது. அதில் சுமார் 44,000 வீடுகளில் மட்டும் அளவெடுக்கும் கருவி வைத்திருந்தார்கள். அதிலிருந்து வருகிற கணக்குக்குப் பேர் டி.ஆர்.பி. இதிலேயே மோசடி நடக்கிறது என்று அந்த வருடம் மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. அக்டோபரில் செய்தி சேனல்களின் கணக்கை வெளியிடாமல் நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில்தான் மறுபடி தொடங்கினார்கள். அமைதியாகப் பேசினால் நாம் வேறு சேனலுக்குப் போய்விடுகிறோம். சண்டை என்றால் நின்று பார்க்கிறோம். குழாயடியிலும் அப்படித்தானே?

இதனால் உடம்புக்கு என்ன ஆகிறது? கோபம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. சண்டை போட உடம்பு தயார் ஆகிவிடுகிறது. ஆனால் டி.வி.க்குள் இருப்பவனோடு சண்டை போட முடியுமா? அந்தக் கோபம் பிள்ளை மேல் விழுகிறது. வீட்டுக்காரி மேல் விழுகிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 2013 ஏப்ரலில் ஓட்டப் பந்தயத்தில் குண்டு வெடித்தது. அடுத்த சில வாரங்களில் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் விசாரித்தார்கள். குண்டு வெடித்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட இவர்களுக்குத்தான் மன உளைச்சல் அதிகம் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு!

அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான். சாப்பிடும்போதும் படுக்கப் போகும்போதும் அந்தச் சத்தம் வேண்டாம். ஒரு செய்தி கோபமூட்டினால், அதையே மறுநாள் பேப்பரில் தேடிப் பாருங்கள். பேப்பர் கத்தாது. புரியவில்லை என்றால் நிறுத்தி, மறுபடி படிக்கலாம். வாட்ஸ்அப்பில் வருவதை உடனே அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஒரு ராத்திரி வைத்திருங்கள்.

இன்னொன்று. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 2000-ஆம் வருடத்துக்கு முன்னால் இருந்தவர்களுக்கு ஒரு விதி. பின்னால் வந்தவர்களுக்கு வேறு விதி. எந்தக் காகிதம் வேண்டும், யாரிடம் காட்ட வேண்டும் என்று ஒன்பது மணிக்காரர்கள் சொல்வதில்லை. அதைப் பற்றி வந்த நாலு செய்திகளைக் கத்தரித்து எடுத்து வந்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் சின்னது. கண்ணாடி இருப்பவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் செய்தியை யார் படிக்கிறீர்கள்?