ஓரிடத்தானும் கணிப்பொறியும்
(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



பாட்டுக்கும் கூத்துக்கும் தமிழ் போதும்; அறிவியலுக்கு ஆங்கிலமே வேண்டும் என்று கூறுவோர் இன்றும் உளர். அவர்களைச் சினந்து பேசுவதால் பயனில்லை. அரிய அறிவியற் பொருளொன்றை எடுத்துத் தமிழிலேயே விளக்கிக் காட்டுவதே அவர்க்குத் தக்க விடை. வேதிவினையில் ஓரிடத்தான்கள் விளைக்கும் மாறுதலைக் கணிப்பொறி கொண்டு ஆய்வது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

முதற்கண் சொல்லைப் பாருங்கள். வேதியற் பண்பில் ஒன்றுபட்டும் எடையில் வேறுபட்டும் நிற்கும் அணுக்களை ஆய்ந்தவர் பிரெடரிக்கு சாடி என்னும் அறிஞர். தனிம வரிசைப் பட்டியலில் அவை யாவும் ஒரே கட்டத்தில் அமர வேண்டியவை. கிரேக்கத்தில் 'ஒரே இடம்' எனப் பொருள்படும் இரு சொற்களை இணைத்து, அவற்றுக்கு 'ஐசோடோப்பு' என்னும் பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட்டு தாடு என்னும் பெண் மருத்துவர். ஆண்டு 1913. ஆங்கிலத்திலும் அச்சொல் ஆயத்தமாகக் கிடந்ததன்று, ஆக்கிக் கொள்ளப்பட்டது. சீனர் அதன் ஒலியைக் கடன் வாங்கவில்லை. பொருளை மட்டும் வாங்கித் 'தோங்வெய்சு' என்றனர். ஒரே இடத்துத் தனிமம் என்பது அதன் பொருள். சப்பானியரும் இவ்வழியே சென்றனர்.

தமிழின் 'ஓரிடத்தான்' இதே பொருளை எத்துணைச் சுருக்கமாகத் தருகின்றது! ஆயினும் தமிழகத்துப் பாடநூல் 'ஐசோடோப்பு' என்கின்றது. ஈழத்துப் பாடநூல் வடசொல்லை நாடிச் 'சமதானி' என்கின்றது. பொருள் விளங்காத ஒலியை மாணவன் நெட்டுருச் செய்கின்றான். 'ஓரிடத்தான்' என்று கேட்கும் மாணவனோ, 'எந்த இடத்தான்?' என்று வினவுவான். அவ்வினாவே அறிவின் வாயில்.

இனிப் பொருளுக்கு வருவோம் எனில், நீரக அணுவின் கருவில் இருப்பது ஒரு நேர்மின்னி. அதனோடு நொதுமி ஒன்று சேரின் எடை ஏறத்தாழ இரு மடங்காகும். இந்த அடர் நீரகத்தை 1931-ஆம் ஆண்டு கண்டறிந்த ஆரல்டு இயூரே, 1934-இல் நோபெல் பரிசு பெற்றார்.

அணுக்களின் பிணைப்பு, சுருள்வில் போன்றது, ஓயாது அதிர்வது. எத்துணைக் குளிரிலும் அவ்வதிர்வு முற்றும் அடங்குவதில்லை. எடை குறைந்த அணு விரைந்து அதிரும். அதன் அடிநிலை ஆற்றலும் மிகும். எடை மிகுந்த அணு மெல்ல அதிரும். அதன் அடிநிலை ஆற்றல் குறையும். இருவர் ஒரு மதிலைத் தாண்ட வேண்டும். ஒருவன் திண்ணைமேல் நிற்கின்றான், மற்றவன் தரையில் நிற்கின்றான் எனக் கொள்ளுங்கள். யாருக்கு எளிது? பிணைப்பு அறுதல் என்னும் மதிலைத் தாண்டுவதில் நீரகம் திண்ணையில் நிற்பது. அடர் நீரகம் தரையில் நிற்பது. ஆதலின் கரிமத்தோடு அடர் நீரகம் கொண்ட பிணைப்பு, அறை வெப்பத்தில் ஏழு மடங்கு வரை மெதுவாக அறுபடக் கூடும். கரிமம், வெடியம் ஆகியவற்றின் ஓரிடத்தான்களில் இவ்வேறுபாடு நூற்றுக்குச் சில பங்கே.

இச்சிறு வேறுபாட்டால் என்ன பயன்? வினையின் நடுவே, மதிலின் உச்சியில், மூலக்கூறு ஒரு மாறுநிலையை எய்துகின்றது. அந்நிலை நிலைத்திருக்கும் காலம், ஒரு நொடியைப் பத்து இலக்கம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றளவே. எந்தக் கண்ணாடியும் அதன் உருவைக் காட்டாது. அவ்வுருவின் தடயத்தைத் தருவது ஓரிடத்தான் காட்டும் விரைவு வேறுபாடு.

தடயத்திலிருந்து உருவை வரையக் கணக்கு வேண்டும். பிகலைசனும் மரியா மேயரும் 1947-இல் அதற்குரிய சமன்பாட்டைத் தந்தனர். ஆனால் கணக்கின் அளவைப் பாருங்கள்! இனோசின் என்னும் மூலக்கூற்றில் உள்ளவை 31 அணுக்கள். அதன் அதிர்வு வகைகள் 87. ஓரிடத்தானை ஒவ்வோர் இடத்தில் மாற்றி வைக்குந்தோறும் அத்தனையையும் மீண்டும் கணக்கிட வேண்டும். இங்கேதான் கணிப்பொறி துணை வருகின்றது. மாறுநிலை இவ்வாறு இருக்கலாம் என ஓர் ஒப்புருவை அமைத்துக் கணக்கிடுவர். ஆய்வில் அளந்த எண்களோடு ஒப்பிடுவர். பொருந்தாவிடின் ஒப்புருவைத் திருத்துவர். எல்லா இடத்தும் எண்கள் பொருந்தும் ஒப்புருவே மாறுநிலையின் படம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1975-இல் மருத்துவ அறிஞர் ஓர் உண்மையைக் கண்டனர். இனோசினைப் பிளக்கும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைக்கு, 'டி' வகை வெள்ளணுக்களின் காப்பாற்றல் சீர்குலைந்திருந்தது. அவ்வாறாயின், அவ்வகை வெள்ளணுக்களே புற்றாகப் பெருகும் நோயில் அந்நொதியைத் தடுத்தால் நோய் அடங்காதா? நியூயார்க்கில் ஆல்பர்ட்டு ஐன்சுடைன் மருத்துவக் கல்லூரியின் வெர்ன் சிராமும் அவர்தம் குழுவினரும், இனோசினின் பல இடங்களில் ஓரிடத்தான்களை வைத்து, மாட்டிலிருந்து எடுத்த அந்நொதியின் மாறுநிலையை 1993-இல் வரைந்தனர். பிளவின்போது வெல்லக்கூறு நேர்மின் தன்மை எய்துவது புலனாயிற்று.

அப்படத்தை ஒத்த மூலக்கூற்றை நியூசிலாந்து வேதியலார் ஆக்கினர். வெல்லக்கூற்று வளையத்தில் உயிர்வளிக்கு மாறாக வெடியத்தை வைத்தனர். அறுபட வேண்டிய பிணைப்பில் வெடியத்துக்கு மாறாகக் கரிமத்தை வைத்து அறுபடாததாக்கினர். நொதி அதைத் தன் மாறுநிலை என எண்ணி இறுகப் பற்றிக் கொள்கின்றது. விட முடியாமல் செயலற்று நிற்கின்றது. போரோடெசின் என்னும் அம்மருந்து, 'டி' வகை நிணநீர்ப் புற்றுநோய் மீண்டும் தாக்கியோர்க்கு அளிப்பதற்குச் சப்பானில் 2017-இல் ஒப்புதல் பெற்றது. ஓரிடத்தானைத் தம் மொழியிலேயே கற்கும் நாட்டில் என்பதை மறவாதீர்!

தமிழன்பர்களே! இவ்வளவும் தமிழில் சொல்ல முடிந்தது. குறை மொழியில் இல்லை. அப்படியாயின் குறை எங்கே? சொல்லாக்கத்தோடு கடமை முடிந்தது எனத் தமிழ்ப்பற்றாளரும் ஓய்ந்து விடுவதில் உள்ளது. பிள்ளைக்கு அழகிய பெயர் சூட்டிவிட்டுப் பட்டினி போடலாமா? பட்டியலில் உறங்கும் சொல் பிணத்துக்கு ஒப்பு. பாடத்தில் வழங்கும் சொல்லே உயிருள்ளது. ஆசிரியர் ஒவ்வொருவரும் திங்களுக்கு ஓர் அறிவியற் பொருளையேனும் நல்ல தமிழில் எழுதுக. மாணவரிடம் படித்துக் காட்டுக. விளங்காத இடத்தைத் திருத்துக. தமிழகமும் ஈழமும் ஒரு பொருளுக்கு ஒரு தமிழ்ச்சொல் என உடன்படுக. நாளை ஒரு தமிழ்ச்சிறுமி மாறுநிலையின் படத்தைத் தன் மொழியில் எண்ணி வரைவாளாயின், அதுவே தமிழுக்குச் சூட்டும் மணிமுடி.

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!