தானே படிப்பது என்றால் தனியே விடுவதல்ல
(திருகோணமலையில் வளாக மாணவர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் குடியேறின. இன்று நம் பிள்ளைகள் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் படிக்க வருகிறார்கள். அன்று உயிருக்குப் பயந்து வந்தோம். இன்று பட்டம் எடுக்க வருகிறோம்.

ஆனால் 2020இல் கொரோனா வந்து வளாகங்கள் மூடப்பட்டதை மறக்க முடியுமா? பிள்ளைகள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். பாடம் போனில் வந்தது. பல்கலைக்கழக இணையத்தளங்களுக்கு டேட்டா இலவசம் என்றார்கள். டேட்டா இலவசம், சிக்னல் எங்கே? மலை உச்சிக்கு ஏறித்தான் பாடம் கேட்டார்கள்.

இன்றும் விரிவுரைக் குறிப்புகள் இணையத்தில் கிடக்கின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் தருவதாக 2001இலேயே அறிவித்தது. இந்திய ஐ.ஐ.டி. விரிவுரைகளையும் காசில்லாமல் பார்க்கலாம். "எல்லாம் இருக்கிறது, தானே படி" என்கிறார்கள்.

தானே படிப்பது நல்லதுதான். ஆனால் நாங்கள் கொழுந்து எடுக்கப் பழகியது எப்படி? பக்கத்து நிரையில் நின்ற அம்மாவின் கையைப் பார்த்துத்தானே? 1980இல் தொடங்கிய இலங்கை திறந்த பல்கலைக்கழகமும் வேலை செய்பவர்கள் வீட்டிலிருந்து படிக்கப் பாடநூல் தருகிறது. அதோடு நிற்கவில்லை, பல மாவட்டங்களில் நிலையங்கள் வைத்து நேரடி வகுப்பும் நடத்துகிறது. புத்தகம் மட்டும் போதாது என்று அதற்குத் தெரியும்.

லயத்து அறை ஒன்றில் சமையலும் தூக்கமும் தொலைக்காட்சியும் நடக்கும்போது பிள்ளை எங்கே உட்கார்ந்து விரிவுரை கேட்கும்?

ஆகவே மூன்று காரியம் செய்வோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாலையில் ஓர் அறையைத் திறக்கட்டும். மேசை, வெளிச்சம், இணைய இணைப்பு வேண்டும், செலவு நம் சந்தாவில். லீவில் வரும் வளாகப் பிள்ளைகள் உயர்தரம் படிக்கும் தம்பி தங்கைகளோடு அங்கே உட்காரட்டும். பெற்றோரே, அந்த இரண்டு மணி நேரம் பிள்ளையை, முக்கியமாகப் பெண்பிள்ளையை, தண்ணீருக்கும் விறகுக்கும் கூப்பிடாதீர்கள்.

சம்பளத்துக்கு நாம் ஒருவரும் தனியாகப் பேசுவதில்லை, கூட்டாகத்தான் பேசுகிறோம். படிப்பை மட்டும் பிள்ளை தனியாகச் சுமக்க விடலாமா?