எம்.சி.பி. காப்பது ஒயரை



பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கு ஓம் விதி தலைகீழாகத் தெரியும். ஆனால் வீட்டு மெயின் போர்டைக் காட்டி, "ஷாக் அடித்தால் உன்னைக் காப்பாற்றுவது எது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் எம்.சி.பி. என்கிற தானியங்கி சுவிட்சைத்தான் காட்டுவார்கள்.

அது காப்பது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி., அதற்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் விழும். மனித உடம்புக்கோ 30 மில்லி ஆம்பியரே ஆபத்து. ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு! கசிவுள்ள கிரைண்டரை ஈரக்கையோடு தொட்டவர் துடிக்கும்போதும் எம்.சி.பி. விழாமல் நிற்கலாம்.

நம்மைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு சுவிட்ச். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ கசிகிறது என்று நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது.

கசிவிலிருந்து காக்க இன்னொன்றும் உண்டு: மூன்று முள் பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் எர்த் முள். முதலில் நுழைந்து கடைசியில் வெளியேறுவதற்காகவே அந்த நீளம். அதை வெட்டிவிட்டுச் செருகுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இன்று பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்டிருக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போதே அழுத்த வேண்டும். விழாவிட்டால், இன்றைக்கே எலக்ட்ரீஷியனை வரச்சொல்லுங்கள்.