தண்ணீரை நிறுத்தி வீட்டைக் காலி செய்ய வைக்கலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் செயற்குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சுருக்கமாகவே பேசுகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் நம் வளாகத்தில் வீடு வைத்திருக்கும் ஓனர் ஒருவர் எனக்கு போன் செய்தார். "வாடகைக்கு இருக்கிறவர் காலி பண்ண மாட்டேங்கிறார். தண்ணி வால்வை மூடச் சொல்லுங்க சார், தானா போயிடுவார்" என்றார். நானும் யோசிக்காமல் பிளம்பரிடம் சொல்லிவிட்டேன். மதியம் அந்த வீட்டு அம்மா இடுப்பில் குழந்தையும் கையில் குடமுமாகக் கீழே வந்து நின்றபோதுதான் உறைத்தது. உடனே திறக்கச் சொன்னேன். செய்தது என் தவறு. அதன்பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் தானாகவோ வேறு ஆள் மூலமாகவோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவிட முடியும்.

ஓனர்களுக்கும் வழி இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீடு சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படுவது போன்ற காரணங்களுக்காக வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். வாடகை பாக்கி என்றால் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவதும் சாமானை வெளியே வைப்பதும் இதில் எங்கும் இல்லை.

வாடகைக்கு இருக்கும் நண்பர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "வாய்ப்பேச்சே போதும்" என்று இருந்துவிடாதீர்கள். எழுத்து ஒப்பந்தம் போட்டு, அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடாமல் விட்டால் அதுவே உங்களை வெளியேற்றக் காரணமாகலாம். வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள்; ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். பிரச்சினை வரும்போது கையில் இருக்கும் காகிதம்தான் பேசும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஓனருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான தகராறில் நம் சங்கம் வால்வையோ, ஃபியூஸையோ, கேட்டையோ தொடக் கூடாது என்று இன்றே தீர்மானம் போடுவோம். பிளம்பருக்கும் வாட்ச்மேனுக்கும் அதை எழுத்தில் கொடுப்போம். நாம் சொன்னதைச் செய்துவிட்டு, நாளைக்கு அவர்கள் போய் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

அந்தக் குடும்பத்திடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் முன்னாலும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்று தோன்றியது.